அடுப்புக்கு மேலே நல்ல கிருமிகள்

என் மனைவி பாக்கியத்துக்குப் புற்றுநோய்தான் என்று டாக்டருக்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் வெள்ளைப்பட்டது, மீன் வாடை அடித்தது. எனக்கு அது போதும்.

தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் அவள் எல்லாருக்கும் பின்னால் ஒதுங்கி நின்றாள். இரவில் பாயைத் தள்ளிப் போட்டாள். யாருக்கும் தெரியாமல் கிருமிநாசினி கலந்து கழுவிக் கழுவி எரிச்சலையும் தேடிக்கொண்டாள்.

ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அழுதது நான்தான். “ஏங்க, நோவு எனக்கா ஒங்களுக்கா? மூக்கச் சிந்திட்டு வாங்க” என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் சோதித்தார். “புற்று இல்லை. பாக்டீரியல் வஜினோசிஸ்” என்றார் (பெண்ணுறுப்பில் இயல்பாக வாழும் நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகும் நிலை). மாத்திரை கொடுத்தார். “உள்ளுக்குக் கழுவ வேண்டாம்.”

நின்றது. ஆனால் இவள் கழுவுவதை விடவில்லை. மழைக்காலத்தில் திரும்பி வந்தது. புற்றும் என் மண்டைக்குள் திரும்பி வந்தது.

இம்முறை மாத்திரையோடு ஒரு போத்தலும் தந்தார்: புரோபயாடிக் (நல்ல கிருமிகளை உயிரோடு அடைத்த, வாயால் விழுங்கும் கேப்சூல்கள்).

“சிலருக்கு உதவும், நிச்சயம் சொல்லேலாது. ஈரம் படாமல், சூடு படாமல் வையுங்கோ.”

ஈரம் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. தேயிலை காயவைக்கும் டிரையரில் வேலை செய்கிறவன் நான். போத்தலை அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தேன். தினமும் குலுக்கிப் பார்த்தேன். “வாடை போச்சா?” என்று அவளைப் பிடுங்கி எடுத்தேன்.

“ஒங்க மூக்க வேணும்னா கழட்டி இங்கயே வச்சிட்டு வேலைக்குப் போங்க.”

மறுபடி டாக்டரிடம் போனபோது போத்தலையும் கொண்டுபோனேன். உள்ளே எல்லாம் உருகி ஒரே கட்டி.

“ஐயோ, உயிருள்ளதுகளை அவிச்சுப் போட்டீங்களே!”

“தூளு காயவச்ச கையி டாக்டரம்மா, சும்மா இருக்காது” என்றாள் பாக்கியம். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

குணமாக்கியது மாத்திரையும், இந்த முறை அவள் கழுவுவதை விட்டதும்தான் என்றார் டாக்டர். வெந்த கிருமிகளுக்கு அதில் பங்கு இருக்காதாம்.

இன்றும் வீட்டில் கருவாடு பொரித்தால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. அவளுக்கு இல்லை. அதன்பின் ஒருமுறை வந்தது. மறைக்கவில்லை, கழுவவில்லை, மறுநாளே தனியாக பஸ் ஏறினாள். மாத்திரையில் நின்றது. இப்போது கொழுந்து நிறுக்கும்போது வரிசைக்கு நடுவில் நிற்கிறாள்.