ஒரிஜினல் பிரேக் கட்டை

பழைய மோட்டார் சைக்கிளை எஃப்.சி.க்குக் காட்டிப் பாஸ் வாங்கித் தருகிற தொழிலில் ஸ்பேனர் பிடிக்கிற நேரம் கொஞ்சம், வண்டிக்காரர் விடுகிற பீலாவைக் கேட்கிற நேரம்தான் அதிகம். பாகலூர் ரோட்டில் எனக்கு ஒரு ஷெட். வார்ப்பு இரும்பு எஞ்சினோடு, கிக்கரை உதைத்தால் திருப்பி உதைக்கிற அந்த டுப்டுப் வண்டிதான் என் பிழைப்பு. கம்பெனிப் பேர் வேண்டாம், சத்தத்தைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒன்றை வைத்து மாரடித்தவராக இருந்தால், நடுரோட்டில் உதைத்து உதைத்து மூச்சு வாங்கியதும் ஞாபகம் வரும்.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பிரேக், ஹாரன், விளக்கு, கண்ணாடி எல்லாம் சரியாக இருந்து, பென்சிலால் தேய்த்து எடுத்த சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போனால் இன்னொரு ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தளிப் பக்கம் நாராயணப்பாவின் வண்டியைப் பற்றி. அதன் பிரேக் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். தினமும் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் பெண் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால், எங்கள் தொழிலின் லட்சணம் புரிவதற்கு இரண்டு சங்கதி.

ஒருநாள் டப்பா

என் ஷெட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா உண்டு. நல்ல கண்ணாடி ஒரு ஜோடி, நல்ல ஹாரன், பின்விளக்கு, ஒரு செட் பிரேக் கட்டை. காலையில் மாட்டி, மைதானத்தில் காட்டி, மத்தியானம் கழற்றி மறுபடி டப்பாவில் போட்டுவிடுவேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வண்டி யோக்கியமாக இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். இதில் என் தப்பு எதுவும் இல்லை, கேட்கிறார்கள் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிப்காட்டில் ஒரு சூப்பர்வைசர். கம்பெனிக்குள் ஹெல்மெட் போடாமல் நடந்தால் ஆளை வெளியே அனுப்புகிற மனுஷன். அவர் வண்டி பாஸான அன்றைக்கு, "கண்ணாடியை உங்களுக்கே கொடுத்திடறேன், வெச்சுக்குங்க சார், நல்லதுதானே" என்றேன். ஏதோ அசிங்கத்தைப் பார்த்த மாதிரி மூஞ்சியைச் சுளித்தார். "வேணாங்க, கழட்டிருங்க. ரெண்டு காது முளைச்ச மாதிரி இருக்குது. பின்னாடி வர்றவன் என்னைப் பாத்துக்குவான்."

வலது கால்

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன் ஒருத்தன், நம்ம ஊர் நம்பர் வண்டி ஒன்றை வாங்கி, ஆறு மாசம் லீவு நாளெல்லாம் அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான். கறுப்புத் தோல் ஜாக்கெட், முட்டி வரைக்கும் பூட்ஸ். "நானே ஓட்டிக் காட்டறேன்" என்று ஒரே பிடிவாதம். இந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போதைய வண்டிக்கு நேர் தலைகீழ். நாலு தடவை சொன்னேன். தெரியும் தெரியும் என்று தலையாட்டினான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. அதிகம் பேச மாட்டார், எதையும் மறக்கவும் மாட்டார். வரும் வழியில் நின்று கையைத் தூக்கினார். நம்ம ஆள் பழக்க தோஷத்தில் வலது காலை ஓங்கி மிதித்தான். கியர் மாறி, வண்டி ஒரு குதி குதித்து, மேடத்தைத் தாண்டி அரளிச் செடிக்குள் போய்ப் படுத்தது. ஓடிப்போய்த் தூக்கினோம். காயம் ஒன்றும் இல்லை. ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டுக்கொண்டே மேடத்திடம் சொன்னான்: "வண்டி கரெக்டாதான் இருக்கு மேடம். செட்டிங்ஸ்தான் வேற."

எல்லாம் ஒரிஜினல்

இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாராயணப்பா வேறு ரகம். ரோஜாவும் கோஸும் போடுகிற விவசாயி, தங்கமான மனுஷன், வண்டி விஷயத்தில் மட்டும் மூளை வேலை செய்யாது. ஒரு நாள் பெங்களூர்க்காரர் யாரோ வழியில் நிறுத்தி, போட்டோ எடுத்து, "எதையும் மாத்தாதீங்க, எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு போல்ட்டைத் தொடவும் என்னை விடவில்லை. அந்த வண்டி ஓட வேண்டிய இடத்தில் எஞ்சின் அணைந்து நிற்கும், நிற்க வேண்டிய இடத்தில் ஓடும். முன்பிரேக் பேருக்குத்தான்; பின்சக்கரத்துப் பிரேக் கட்டை நகக்கனம் தேய்ந்து, எண்ணெய் இறங்கி வழவழவென்று கிடந்தது.

போன ரினீவலுக்கு டப்பாவிலிருந்த கட்டையை மாட்டிப் பாஸ் வாங்கி, பழையதையே திருப்பி மாட்டிக் கொடுத்தேன். அப்போது பின்சீட்டில் கோஸ் மூட்டைதான் போனது. இந்தத் தடவை அவர் பெண் மஞ்சுளாவுக்கு ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. மேட்டிலிருக்கும் ஊரிலிருந்து கீழே மெயின் ரோட்டுக்கு இறங்கினால்தான் கம்பெனி பஸ். அப்பாதான் தினமும் கொண்டுபோய் விடுகிறார். "பொண்ணு உக்காந்து வருதுங்கண்ணா, இந்தக் கட்டையை வெச்சுக்கிட்டு அந்த இறக்கத்துல எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்ட மாதிரி சிரித்தார். "ஏனப்பா, நான் செகண்ட் கியர்லயே இறங்கிருவேன். பிரேக்கைத் தொட்டாத்தானே தேயும்?"

கம்பெனி பூட்ஸ்

எஃப்.சி.க்கு மூன்று நாள் இருக்கும்போது மஞ்சுளா ஷெட்டுக்கு வந்தாள். யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறாள். "அண்ணா, எங்கப்பா வண்டியை ஃபெயில் பண்ணிடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் பாஸ் பண்ணச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். "அது என் கையில இல்லம்மா" என்றேன். "உங்க டப்பாவுல இருக்குதுண்ணா" என்றாள். ஊருக்கே தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா?

குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றி என் பெஞ்சின் மேல் வைத்தாள். கம்பெனியில் கொடுக்கிற கனமான சேஃப்டி பூட்ஸ். குதிகால் பக்கம் ரப்பரே இல்லை, வழித்து எடுத்த மாதிரி இருந்தது. மூணு மாசத்தில் எப்படித் தேய்ந்தது என்று லைன் லீடரே கேட்டாராம். இறக்கத்தில் கோயில் வளைவு வந்ததும் அப்பா "காலை வெய்யி" என்பாராம், இவள் இரண்டு காலையும் தரையில் அழுத்திக்கொண்டே போவாளாம். போன வாரம் எதிரே கோஸ் லோடு டிராக்டர். ஒரு முழம் இருக்கும்போதுதான் வண்டி நின்றதாம். அவள் கோபப்படவில்லை, கண் கலங்கவுமில்லை, கம்பெனியில் ரிஜெக்ட் பீஸைக் காட்டுகிற மாதிரி பூட்ஸைத் திருப்பிக் காட்டினாள். "எங்கப்பா வண்டியில பிரேக் கட்டை இதுதாண்ணா."

மைதானத்தில்

அப்பாவிடம் பேசுகிறேன் என்று அவளை அனுப்பினேன். பேசவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தரிடம் முகத்தில் அடித்த மாதிரி பேசினால் நாளைக்கு நாலு பேர் வேறு ஷெட்டுக்குப் போவார்கள் என்கிற அற்பக் கணக்குதான். எஃப்.சி. அன்று காலை வழக்கம்போல டப்பாக் கட்டையை மாட்டினேன். நாராயணப்பா தன் ஒரிஜினல் கட்டைகளைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பாஸானதும் கேட் வாசலிலேயே மாட்டிக்கொள்வதற்கு. லீவு போட்டு மஞ்சுளாவும் வந்திருந்தாள்.

வண்டி ஜம்மென்று நின்றது. மேடம் பேனாவை எடுத்தார். "மேடம், இந்தக் கட்டையை இப்பவே கழட்டிருவாங்க" என்றாள் மஞ்சுளா. மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாராயணப்பாதான் துண்டை அவிழ்த்து, பெருமையாகவே காட்டினார்: "ஒரிஜினல் மேடம். இதைத் தூக்கிப் போட முடியுங்களா?" மேடம் குரலை உயர்த்தவில்லை. "அதையே மாட்டுங்க. நான் மத்த வண்டியைப் பாத்துட்டு வர்றேன்" என்றார். மாட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க பின்னாடி உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மைதானம் கேட் பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். சைக்கிள் வேகம்தான். மேடம் ஓரமாக நின்று கையைத் தூக்கினார். நாராயணப்பா இடது காலை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஏறி நின்றே மிதித்தார். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, கேட்டுக்கு வெளியே ரோட்டில் லாரிகள். பயந்து போனேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னை அறியாமலே இரண்டு காலும் தரைக்கு இறங்கிவிட்டன. ஒரு செருப்பு வார் அறுந்து, குதிகால் உரிந்து, ஒரு வழியாகக் கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். நாராயணப்பா திரும்பி என் காலைப் பார்த்தார், பிறகு மகளின் காலைப் பார்த்தார். மேடம் ஃபாரத்தில் ஃபெயில் என்று எழுதினார். அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள் மஞ்சுளா. "எதுக்குண்ணா காலை வெச்சீங்க? வண்டி பாஸுன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?"

அடுத்த வாரம் புதுக் கட்டையைப் போட்டேன், அதுவேதான் இன்றைக்கும் அந்த வண்டியில் இருக்கிறது. ஒரிஜினல் கட்டைகள் நாராயணப்பா வீட்டுச் சாமி அலமாரியில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சுளா மாதம் ஒருமுறை அப்பாவை வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, கூடவே வந்து, பின்சக்கரத்தைத் தன் கையால் சுற்றிவிட்டு, தானே பிரேக்கை அமுக்கிப் பார்க்கிறாள். நான் சரியாக இருக்கிறது என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை.

ஆக, அன்றைக்கு அந்த மைதானத்தில் ஃபெயிலான இரண்டு பழசில் வண்டி மறு வாரமே பாஸாகிவிட்டது, மெக்கானிக்கைத்தான் அந்தப் பெண் இன்னும் மாதாமாதம் ஷெட்டுக்கே வந்து செக் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.