பிளாப்பியில் ஏறி வந்த நோய்

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றால் 1989-இல் புதுச்சேரிக்காரர்கள் உப்பளம் பகுதிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அங்கே கிறிஸ்துதாஸ் இருந்தான். தானாகக் கிளம்ப மறுக்கும் இயந்திரத்தில் அவன் தன் பையிலிருந்த பிளாப்பியைச் செருகுவான். அதைக் கொண்டே கிளப்பி, உள்ளே சிக்கிக் கிடப்பவற்றை வேறு பிளாப்பிகளில் ஏற்றிக் கொடுப்பான்.

முத்தியால்பேட்டை சக்கரபாணி வாத்தியார் வீட்டிலும் மாசி மாதம் அப்படித்தான் செய்தான். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பழகியவர்களுக்கு அவர் ‘முசே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரெஞ்சு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். பாரிஸிலிருந்த மகள் வாங்கித் தந்த கம்ப்யூட்டரில்தான் அது முழுவதும் இருந்தது. புத்தகம் பிழைத்த அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஆடியில் மறுபடி கூப்பிட்டார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெறும் கிறுக்கல். மாசியில் ஏற்றிக் கொடுத்த பிளாப்பிகளிலும் அதே கதி.

“கையால எழுதுன தாளெல்லாம் இருக்குதா முசே?”

“நீதான் பத்திரமா இருக்குன்னியே. எடைக்குப் போட்டுட்டேன்.”

அதே வாரம் கருவடிக்குப்பத்து அச்சகத்திலும் இதே நோய் என்று தகவல் வந்தது. இரண்டு இடத்துக்கும் போய்வந்தது தன் பிளாப்பிதான் என்று கிறிஸ்துதாஸுக்கு உறைத்தது. மதராஸில் வேலை பார்த்த நண்பன் அரிகிருஷ்ணனிடம் அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

“வைரஸ்டா,” என்றான் அவன். “எங்கயோ தொத்தியிருக்கு. இத போட்டுக் கிளப்புற மிஷின்ல எல்லாம் போயி குந்திக்கும். ஓரத்துல இருக்கிற வெட்டுமேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா இதுல எதையும் புதுசா எழுத முடியாது, வைரஸும் உள்ள வந்திருக்காது.”

கிறிஸ்துதாஸ் ஒட்டியிருக்கவில்லை.

“யாருக்கும் தெரியாதுல்ல, விட்டுடேன்,” என்றாள் மனைவி புஷ்பமேரி.

“இன்னும் எத்தினி மிஷின்ல இருக்குதோ. சொல்லலன்னா அதுவும் போயிடும்,” என்று சட்டையை மாட்டினான்.

வாத்தியாரிடம்தான் முதலில் போனான். நோய் தன் பிளாப்பியில்தான் வந்தது என்று சொன்னான்.

“உன்னைய மலைபோல நம்புனேன்,” என்றார். எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கிறிஸ்துதாஸ் கதவைச் சாத்திக்கொண்டு வந்தான்.

சுத்தமான பிளாப்பி ஒன்று தயாரித்து, மறக்காமல் வெட்டை மூடி, போன இடத்துக்கெல்லாம் மறுபடி போனான். அச்சகக்காரர் வாசலோடு அனுப்பிவிட்டார். மற்ற இடங்களில் முற்றுவதற்குள் நோயை விரட்டினான். ஆனாலும் அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடுவோர் குறைந்துபோனார்கள்.

வாத்தியாரின் பழைய மாணவி வேளாங்கண்ணியிடம் முதல் சில பாடங்கள் அச்சடித்த தாளாக இருந்தன. கிறிஸ்துதாஸ் அவற்றைத் திரும்ப டைப் செய்து அவள் கையிலேயே கொடுத்தனுப்பினான்.

“வாங்கி அலமாரில வெச்சிட்டாரு,” என்றாள் அவள் திரும்பி வந்து. “மேற்கொண்டு எழுதப் போறதில்லையாம்.”