மெஹர் மேடம் கேட்க விரும்பிய சத்தம்

காலை ஷிப்ட் ஆரம்பித்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. சலீம் பாய் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்கிறவர் இல்லை. எந்தச் செய்தியானாலும் மேடம்தான் மெசேஜ் அனுப்புவார்.

"தம்பி, மெஹரு மவுத்தாயிட்டா. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடு."

"சரி பாய்" என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி என்றேன் என்று உறைத்தது. பக்கத்தில் சோதனை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். லேபில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னேன். திரும்ப அதை யாரும் ஓடவிடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெஹருன்னிசா மேடம் கேளம்பாக்கத்துக்காரர். கணவர் சலீம் பாய் அங்கே பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கார் என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் சென்சார் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் டிசைன், அவர் டெஸ்டிங். நான் வரைந்ததை எப்படியாவது உடைத்துக் காட்டுவதுதான் அவர் வேலை. அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. அதனால்தான் ஒத்துப்போனது.

முதல் முறை என் பாகத்தை அவர் ஃபெயில் செய்தபோது நேராக அவர் மேசைக்குப் போய், உங்கள் மிஷின்தான் தப்பு என்றேன். அவர் வலது காதை என் பக்கம் திருப்பி, "இன்னா சொன்ன? திரும்பச் சொல்லு" என்றார். மிரட்டுகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். லேப் முழுக்கக் கேட்டது.

"இப்பக் கேட்டுச்சு. மிஷின் சரியாத்தான் கீது. உன் சாமான்தான் ஒழுகுது. வா, காட்றேன்."

ஒழுகத்தான் செய்தது. கொஞ்ச நாள் கழித்து அவர் மிஷினிலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்துப் பழி தீர்த்துக்கொண்டேன். அதற்கு அவர் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவருக்கு இடது காது கேட்காது என்பது அந்தப் பிரியாணி சாப்பிடும்போதுதான் தெரிந்தது. நான் தப்பான பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு காது நரம்புகளிலும் கட்டி இருந்தது. இடது பக்கம் எப்போதோ போய்விட்டது. வலது பக்கக் கட்டி வளர்ந்து மூளைத் தண்டை அழுத்த ஆரம்பித்தது. எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. எடுத்தால் மிச்சமிருக்கும் காதும் போகும். ரம்ஜான் பெருநாள் முடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது. இதையெல்லாம் கேன்டீனில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

அந்த வாரமே கார் வாங்கிவிட்டார். செகண்ட் ஹேண்ட். சிவப்பு. இரண்டே சீட்டு, கூரையை மடித்துப் பின்னால் தள்ளலாம். கல்லூரிக் காலத்திலிருந்து அப்படி ஒன்றை ஓட்ட வேண்டும் என்று இருந்தாராம். கடைக்கு ஒரு புடவைக் கட்டு ஏற்ற முடியாததெல்லாம் ஒரு வண்டியா என்று சலீம் பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மேடத்துக்கு வேறு குறை. வண்டி சத்தமே போடவில்லை.

"தையல் மிஷின் மாதிரி கீதுடா."

என்ஜின் மூச்சு இழுக்கிற வழியில் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருக்கும். ஃபில்டர் அதற்குள் இருக்கும். சத்தத்தை அமுக்குவதும் அந்தப் பெட்டியின் வேலை. அதைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் கூம்பு போன்ற ஃபில்டரும் மாட்டி, என்ஜின் சூடு படாத இடத்திலிருந்து காற்றை இழுக்க வைப்பார்கள். கோல்ட் ஏர் இன்டேக் என்று பெயர். விற்கிறவர்கள் பவர் கூடும் என்பார்கள். பவர் கூடுவது கொஞ்சம்தான், நன்றாகக் கூடுவது சத்தம் மட்டுமே. தண்டச் செலவு என்று மேடத்திடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"பவர் யாருக்குடா வேணும்? ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த என்ஜின் வாயத் தொறந்து பேசணும். நான் கேக்கணும். அவ்ளோதான். வர்றியா, இல்லியா?"

குழாயும் ஃபில்டரும் சேர்ந்த கிட் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிட் நோன்பு பாதியில்தான் வந்து சேர்ந்திருந்தது. அவர் வீட்டு போர்ட்டிகோவில் வைத்து வேலையை ஆரம்பித்தோம். பேட்டரி ஒயரைக் கழற்றினோம். கிளாம்புகளைத் தளர்த்திப் பழைய பெட்டியைத் தூக்கினோம். சென்சாரை அவரே தன் கையால் உருவி எடுத்து, "நம்ம ஆளு இல்ல, போட்டிக் கம்பெனி" என்று முகம் சுளித்தார். புதுக் குழாயை உள்ளே இறக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. எப்படித் திருப்பினாலும் பிரேக் ஆயில் டப்பாவில் போய் இடித்தது.

ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கிற நாட்டுக்குச் செய்த குழாய் அது. அங்கே பிரேக் டப்பா அந்தப் பக்கம் இருக்கும், நமக்கு இந்தப் பக்கம். இரண்டு பேருமே இன்ஜினியரிங் படித்தவர்கள். அளவு, விட்டம், ஃபில்டரின் நுணுக்கம் எல்லாவற்றையும் ஒரு வாரம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். இதை மட்டும் பார்க்கவில்லை.

சலீம் பாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "ஓட்றவ எந்தப் பக்கம் உக்காருவான்னு ரெண்டு பேருமே பாக்கலியா?" என்றார். அவர் சிரித்ததைத் தெருவே கேட்டிருக்கும்.

நான் ஸ்பேனரை வீசி எறிந்தேன். பழைய பெட்டியையே மாட்டிவிடலாம், வேறு கிட் வருவதற்குள் பெருநாள் முடிந்துவிடும், இத்தோடு விடுங்கள் என்றேன். மேடம் ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "இது இன்னா பண்ணுச்சு உன்ன?" என்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிவாசல் அவர் வீட்டுக்குப் பின் தெருவிலேயே இருக்கிறது.

"நேத்து மஃரிப் பாங்கு பாதிதான்டா கேட்டுச்சு. பாய் வந்து தோளத் தட்னாரு, அப்புறம்தான் நோன்பு தொறந்தேன்."

அதற்குப் பிறகு பெட்டியைத் திரும்ப மாட்டும் பேச்சை நான் எடுக்கவில்லை.

குழாயை நாமே செய்யலாம் என்பது என் யோசனை. படகு ரிப்பேர் செய்கிற இடத்தில் செய்யலாம் என்பது அவருடையது. மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சதுரங்கப்பட்டினம் போனோம். அங்கே டச்சுக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, ஏகாம்பரம் என்பவர் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் தெர்மாகோலைக் குழாய் வடிவத்தில் செதுக்கி, வளைவை பிரேக் டப்பாவுக்கு இடம் விட்டுத் திருப்பியிருந்தேன். மேடம் அதன்மேல் டேப் சுற்றினார். ஏகாம்பரம் ஃபைபர் விரிப்பை வைத்துப் பசையைப் பூசினார்.

"இன்னா கலர் மேடம் வேணும்?"

"எது கீது?"

"நீலம் ஒண்ணுதான் கீது."

"அப்புறம் ஏன்யா கேட்ட?"

அது காய்கிற வரை கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். நான் கோட்டைக்குப் பின்னால் போய் டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "ஒளிஞ்சு குடிக்காத. எனக்குக் காதுதான் போவுது, மூக்கு இல்ல" என்றார். அவருக்கு நோன்பு. கடல் காற்று முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். தூக்கமா என்று கேட்டேன். அலையைக் கேட்கிறாராம். தொந்தரவு செய்யாதே என்றார்.

நீலக் குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. கூம்பு ஃபில்டருக்கு லேசாக எண்ணெய் போட வேண்டும். அவர் போட்டதை நான் பார்க்கவில்லை, நான் போட்டதை அவர் பார்க்கவில்லை. தீபாவளிக்குத் தலைக்கு வைக்கிற மாதிரி இரண்டு பேரும் தனித்தனியாக ஊற்றியிருக்கிறோம். ஸ்டார்ட் செய்தால் வண்டி இருமியது, திணறியது, மஞ்சள் விளக்கு எரிந்தது. எண்ணெய் இழுபட்டுப் போய்ச் சென்சாரில் படிந்துவிட்டது. "இதில் எண்ணெய் படக் கூடாது" என்ற எச்சரிக்கையை ஊருக்கெல்லாம் அச்சடித்து அனுப்புவதே எங்கள் கம்பெனிதான். மேடம் பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சென்சாரைக் கழுவி, ஃபில்டரைப் பிழிந்து காயவைத்து, எல்லாம் முடிந்தபோது பெருநாளும் முடிந்திருந்தது. ஆபரேஷனுக்கு அட்மிட் ஆக வேண்டிய வாரம்.

காலையிலேயே கிளம்பினோம். கோவளம் வழியாக ஈசிஆரைப் பிடித்து மாமல்லபுரம் பக்கம். கூரையை மடித்துவிட்டிருந்தார். அவர் ஓட்டினார். நான் அவருடைய இடது பக்கம். நான் பேசிய எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. சாலை காலியாக இருந்த ஓரிடத்தில் இரண்டாவது கியரில் வைத்து மிதித்தார்.

என்ஜின் வாயைத் திறந்தது. முதலில் அடித்தொண்டையில் ஒரு கனைப்பு. அப்புறம் அது ஏறி, விரிந்து, காற்றை அப்படியே வாரி விழுங்கியது. என் விலா எலும்பில் அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காற்றில் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தி அணைத்தார்.

"போதும்டா" என்றார். சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. "போதும்னு சொன்னது பொய். இன்னொரு தடவ."

பெட்ரோல் விளக்கு எரிகிற வரை அந்த ஒரே துண்டு சாலையில் போனோம், வந்தோம், போனோம்.

ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டார்கள். டாக்டர்கள் முன்பே சொன்னபடி காது போனது. நடையில் தள்ளாட்டமும் வந்ததால் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். வேலையையும் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். எங்காவது நிறுத்தியதும், "இன்னிக்கு எப்டி கத்துச்சு? எழுது" என்று போனை நீட்டுவார். முதல் தடவை நான் டைப் செய்தேன்: மூவாயிரம் சுற்றுக்கு மேல் உறுமல் அதிகம், நாலாயிரத்தில் சீராகிறது.

அவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "டெஸ்ட் ரிப்போர்ட்டாடா கேட்டேன்? உறுமல் இல்லடா அது. பெருநாள் பாயசம் டம்ளர்ல கடைசி வாய் உறியற சத்தம். அதான்."

அவர் சொன்னதுதான் சரி. காது கேட்கிற எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு விழுங்குவது கஷ்டமானது. கட்டி அழுத்திய நரம்புகளில் தொண்டைக்குப் போகிறதும் ஒன்று. கஞ்சி கூடப் புரையேறும். காற்று போக வேண்டிய வழியில் சாப்பாடு போய், நுரையீரலில் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். காற்று போகிற வழியைத்தான் நாங்கள் இரண்டு பேரும் வேலையாகச் செய்தோம். வண்டியாக இருந்தால் பிரித்துத் துடைத்து மாட்டியிருப்பேன். கடைசியாகப் பார்த்தபோது அவரால் பேச முடியவில்லை. போனில் எழுதிக் காட்டினார்: "வண்டிய வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு. பாய் பண்ண மாட்டாரு. பயம்."

பாய் போன் செய்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறைய ஆட்கள். உடலைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். போர்ட்டிகோவில் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சலீம் பாய் என்னைப் பார்த்ததும் சாவியை என் கையில் வைத்தார். ஸ்டார்ட் செய்தேன். மையத்து வீட்டில் அந்தச் சத்தம். ஜமாத்துப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி என்னமோ சொல்ல வந்தார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்க. அவ வண்டி" என்றார். தெருக்கோடியில் நிறுத்திவிட்டு வந்தேன். தோள் மாற்றும்போது யாரோ என்னையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். நான் அந்த மதத்துக்காரன் இல்லை என்று தெரிந்தும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று பிடி மண் போட்டேன். எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். நான் அங்கேயே நின்றேன். பாய் என் தோளில் கை போட்டார்.

"வா தம்பி. பொதச்சுட்டுத் திரும்பிப் போறவங்க காலடிச் சத்தம் உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கும்னு எங்கள்ல சொல்வாங்க. அவளுக்கும் கேக்கும். நட."

அளந்து பார்க்காத எதையும் நான் நம்புகிறவன் இல்லை. மேடத்துக்கும் அது தெரியும். ஆனாலும் கபரஸ்தான் பாதையில் கிடந்த ஜல்லியின் மேல் செருப்பை அழுத்தி அழுத்தி வைத்து, ஒவ்வொரு அடியும் நறநறவென்று கேட்கும்படி, கேட் வரைக்கும் நடந்தேன்.

போய் வருகிறேன் மேடம்.