பதினாறா, பதினாலா?

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு நசீமா, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உத்தமபாளையத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவர்கள் வீட்டு இன்டர்நெட் கேபிளை அது அறுத்துப் போட்டிருந்தது.

“அண்ணே, ரெண்டு மணி நேரம் இங்கன உக்காந்து வேலை பாத்துக்கிறவா? வைஃபை மட்டும் குடுத்தாப் போதும்.”

“உக்காரும்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்றேன்.

நசீமாவின் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேரள மலையில் ஏலக்காய் விவசாயிகளிடம் எடுத்த பேட்டிகள் ஆடியோவாக வரும். மலையாளத்தில் பேசுவதைக் காதால் கேட்டு, தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். நசீமா பிறந்து வளர்ந்தது குமுளியில். இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைத்த முதல் வேலை. அதுவும் நிரந்தரம் இல்லை. கம்பெனியில் மூன்று ஆடியோ கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். முதல் இரண்டிலும் தப்பு. மூன்றாவதிலும் தப்பு வந்தால் வேலை இல்லை.

மூன்றாவது, அன்று மாலைக்குள் போக வேண்டும்.

“அப்படி என்னம்மா தப்பு?” என்று கேட்டேன்.

“நம்பருண்ணே. மொத ஆடியோவுல பேசுறவரு பதினாலு மூடைன்னு சொல்லியிருக்காரு. நான் பதினாறுன்னு எழுதிட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன்... எனக்குப் பதினாறுன்னுதான் விழுகுது. காதுல கோளாறோன்னு பயந்து, அவுகளைக் கூட்டிக்கிட்டு தேனிக்குப் போயி டாக்டரையும் பாத்துட்டேன். காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாக.”

அவுக என்றால் கணவர் உசேன். ஏலக்காய் வியாபாரி.

“காது நல்லாயிருக்குன்னா, அப்ப நாந்தானே சரியில்ல?” என்றார் நசீமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

சவுதியில் இருக்கும் தம்பி வாங்கி அனுப்பிய பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அது சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. கேபிள் போச்சு, இப்போது இதுவும் போச்சு! நசீமா தலையில் கை வைத்துக்கொண்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

“உங்க புது ஹெட்போனு சும்மாதானே கெடக்கு. எடுத்துக் குடுங்களேன்.”

சும்மாதான் கிடந்தது. அந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும்.

சின்னமனூரில் என் மைத்துனன் செல்வம் இருக்கிறான். ஹெட்போன் பைத்தியம். ஊரெல்லாம் அவனிடம் கேட்டுத்தான் வாங்கும். “மாமா, இது நியூட்ரல். ரெக்கார்டிங்ல என்ன இருக்கோ அதை அப்படியே குடுக்கும். கூட்டாது, குறைக்காது” என்று சொல்லி, வயர் வைத்த ஒன்றை என் தலையில் மாட்டிவிட்டான். ரிவ்யூ எழுதியவர்கள் எல்லோரும் கொண்டாடியிருந்தார்கள். நான் ஆசையாக ஒரு பழைய பாட்டைப் போட்டேன்.

செத்த சத்தம்!

தபலா எங்கேயோ அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் இருந்தது. பேஸ் கிடார் லீவில் போயிருந்தது. ஆனால் செல்வத்திடம் அதைச் சொல்ல முடியுமா? “உங்க காதைப் பழக்கணும் மாமா” என்பான். அதனால் மூன்று வாரமாக, “பிரமாதம் மாப்ள, ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்குது” என்று புளுகிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன், தனக்கு என்ன பிடிக்கும் என்பதைச் சொல்லப் பயப்படுகிறான்... இதை எங்கே போய்ச் சொல்ல?

“அது நல்லாயிருக்காதும்மா. உயிரே இல்லாத சத்தம்” என்று சொல்லித்தான் நசீமாவிடம் கொடுத்தேன்.

வாங்கி மாட்டினார். லேப்டாப்பில் சொருகினார். நான் பேப்பரை விரித்தேன்.

“அண்ணே!”

நசீமா எழுந்து நின்றுவிட்டார். அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“அண்ணே, இதுல வர்ற ஆளு என் பக்கத்துல உக்காந்து பேசுறாருண்ணே! வாய்க்குள்ள பல்லுல நாக்குப் படுறதுகூட கேக்குது!”

தப்பாகிப் போன அந்த முதல் ஆடியோவைத் தேடி எடுத்தார். ஓட விட்டார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை.

“பதினாலு! மதினி, பதினாலு! லகரம் தெளிவா விழுகுது!”

நான் செல்வத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன், “ரெண்டு ஹெட்போனையும் ஒரே சத்தத்துல வச்சுக் கேளுங்க மாமா. எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லதுன்னு காது ஏமாந்துரும்” என்றான். நசீமாவின் ஹெட்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, அப்படியே வைத்து நானும் கேட்டேன்.

அந்த விவசாயி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். நசீமாவின் ஹெட்போன் பேஸை, அதாவது கனத்த கீழ்ச்சத்தத்தை, தூக்கிக் கொடுக்கிற ரகம். அது ஜீப்பின் உறுமலையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தது. அந்த உறுமலுக்குள் லகரமும் றகரமும் ஒன்றாகிப் போயின. என்னுடையது எதையும் தூக்கவில்லை. அதனால் பேச்சு மேலே மிதந்தது. ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒரு சுபாவம் உண்டு. சவுண்ட் சிக்னேச்சர் என்கிறார்கள். அது தெரியாமல் ஒரு பெண், தன் காதைச் சந்தேகப்பட்டு, தன்னையே சந்தேகப்பட்டு, டாக்டர் வரைக்கும் போயிருக்கிறார்.

நசீமா மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திரிக்கவில்லை. மூன்றாவது ஆடியோவை எழுதினார். அதோடு விட்டாரா? முதல் இரண்டையும் மறுபடி கேட்டுத் திருத்தினார். நாலரை மணிக்கு மூன்றையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தவர் மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டாவது ஆடியோவுல ஒரு எடத்துல நான் மழைக்கு முன்னாடின்னு எழுதியிருந்தேன். கம்பெனியில அதை மலைக்கு முன்னாடின்னு திருத்தி, தப்புன்னு போட்டிருக்காக. இப்பக் கேட்டா, அவரு சொன்னது மழைதாண்ணே. அப்படியே எழுதி அனுப்பிட்டேன். கோவிச்சுக்கிருவாகளோ?”

“கோவிச்சா கோவிக்கட்டும்மா” என்றேன். வாய்தான் சொன்னது. உள்ளுக்குள் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. வேலை கேட்கிற இடத்தில் அவர்கள் தப்பையே சுட்டிக்காட்டினால்?

வியாழன் பதில் இல்லை. வெள்ளியும் இல்லை. உசேன் பாய் வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஏதும் தெரிஞ்சுச்சாண்ணே?” என்று என்னிடம் கேட்டார் — ஏதோ நான்தான் அந்தக் கம்பெனி முதலாளி என்பதுபோல.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூப்பாடு. என்னவோ ஏதோ என்று பதறிப் போய் எட்டிப் பார்த்தேன். நசீமா ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். கையில் போன்.

“அண்ணே! மூணாவதுல ஒரு தப்புகூட இல்லையாம்! மழைதான் சரின்னு அவுகளே ஒத்துக்கிட்டாக! இனிமே...” மூச்சு வாங்கியது. “இனிமே மத்தவுக எழுதி அனுப்புறதை நாந்தான் சரிபார்க்கணுமாம்!”

சோதனையில் தேறுவாரா என்று பயந்தவர், சோதிக்கிறவராகிவிட்டார்! உசேன் பாய் பின்னால் நின்று, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போன எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, காரணமே இல்லாமல் அழுதாள்.

ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்க வந்தார் நசீமா. நான் வாங்கவில்லை. “நீயே வச்சுக்கம்மா. உன்னோடதைக் குடு” என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவரை என் மனைவிதான் அதட்டி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்கும்போது அதை மாட்டிக்கொண்டு அதே பழைய பாட்டைப் போட்டேன். தபலா நேராக நெஞ்சில் விழுந்தது! பேஸ் கிடார் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தது. எதிரே மாட்டோடு வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார். நான் தலையை ஆட்டியிருப்பேன் போலிருக்கிறது. ஆடட்டுமே!

அந்தத் தைரியத்தில் அங்கேயே நின்று செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“மாப்ள, எனக்கு நியூட்ரல் பிடிக்கல. பேஸ்தான் பிடிக்குது.”

திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

“மாமா... யார்ட்டயும் சொல்லிராதீக. தோட்டத்துல தனியா இருக்கும்போது நானும் பேஸ்தான் கேக்குறேன்.”

ஆகவே மக்களே, ஹெட்போன் வாங்குமுன் ரிவ்யூவைத் தாராளமாகப் படியுங்கள். கடைக்குப் போகும்போது மட்டும், மறக்காமல் உங்கள் சொந்தக் காதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.