காப்பு அவிழாத திருவிழா

அந்த மருத்துவிச்சி அம்மாவை நினைத்தால் முதலில் ஒரு பல்ப்தான் கண்ணில் தெரியும். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பிய வயர் பக்கத்துப் பிரசவ அறையின் ஜன்னல் வழியாக நுழைந்து, கட்டிலுக்கு நேர்மேலே அந்த பல்பில் முடிந்தது. தீட்டு என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

நான் அப்போது அரசாங்க மின்சாரக் கந்தோரில் கோப்பு எழுதும் இளநிலை லிகிதர். கம்பி இழுக்கும் பணம் திறைசேரியிலிருந்து கடனாக வரும். அதை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆகவே எந்தக் கம்பியும் தன் செலவைத் தானே சம்பாதித்தாக வேண்டும். வருடத்துக்கு இவ்வளவு மின்சாரம் நிச்சயம் வாங்குவேன் என்று கட்டிடத்தின் சொந்தக்காரர் உறுதி கொடுக்க வேண்டும். தொழிற்சாலைக்குத் தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்தார். பிரசவ அறைக்கு மறுத்துவிட்டார். பிள்ளை பிறப்பதால் தேயிலை உலர்ந்து தூளாகாது அல்லவா? திருவிழாவுக்கான தற்காலிக இணைப்புக்கு மட்டும் உறுதி தேவையில்லை. விழா முடிந்ததும் துண்டிக்க வேண்டும். எப்போது முடியும் என்று விதி சொல்லவில்லை.

மாரியம்மன் திருவிழா நடந்து இரண்டு மாதமாயிற்று. யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய லிகிதர் என்னைக் கூப்பிட்டு, "என்ன தம்பி, அம்மன் இன்னும் தேரால இறங்கேல்லையோ?" என்றார். பார்த்துவரச் சொல்லி, வயரை வெட்ட ஓர் ஆளையும் லொறியில் அனுப்பினார்.

லொறியை ரோட்டில் நிறுத்திவிட்டு மேலே ஏறினேன். பிரசவ அறை வாசலில் கோயில் தலைவர் நின்றார். மணிக்கட்டில், திருவிழாவுக்குக் கட்டிய, சாயம் போன காப்புக் கயிறு. அதை அவிழ்த்தால்தான் திருவிழா முடியும். அதுவரை கட்டியவர் தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, கவிச்சி கூடாது. கருவாட்டு வாசம்கூட மறந்துபோச்சு என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். உள்ளே ஒரு பெண்ணின் முனகல். பிள்ளை தலை மாறி, கால் முன்னே வருகிறதாம்.

மருத்துவிச்சி அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். என் முகத்தையல்ல, கைகளை.

"குறடு கொண்டாந்தீங்களா?"

லொறியில் இருக்கிறது என்றேன். உள்ளே போனார். தொழிற்சாலையில் மெஷின் ஓடத் தொடங்கும்போதெல்லாம் பல்ப் மங்கியது. நானும் தலைவரும் ஜன்னலையே பார்த்தோம். இன்றும் வீட்டில் கரண்ட் போனால், எங்கோ ஒரு பிள்ளை பாதியில் நிற்பதுபோல் தோன்றுகிறது.

கடைசியில் பிள்ளை அழுதது. அம்மா கை துடைத்தபடி வந்தார். தலைவர் மணிக்கட்டை நீட்டினார்.

"அவுத்துரலாமாம்மா?"

அம்மா பள்ளத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பார்த்தார். "கீழ் லயத்துல இன்னும் ரெண்டு பேரு மாசமா இருக்காங்க தலைவரே. பொறுத்துக்கிடுங்க."

தலைவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். நான் லொறிக்கு இறங்கிப்போய், வயர் வெட்ட வந்தவரிடம் திருவிழா இன்னும் நடக்கிறது என்றேன். விதிப்படி அது உண்மை.