பக்கத்தில் படுத்திருந்தவரின் காது

தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்று ரைபிள் கிளப் செயலாளரானேன். விதிகள் எனக்கு மனப்பாடம். ஒரு மில் முதலாளி, சுடும்போது தோளில் விழும் உதை குறைவதற்காகக் குழல்முனையில் பக்கவாட்டுத் துளைகளுள்ள உலோகக் குழாய் பொருத்திய துப்பாக்கியோடு வந்தார். லைசென்ஸ், தோட்டா, சிவப்புக்கொடி எல்லாம் சரிபார்த்துச் சுட உத்தரவிட்டேன். முதல் வெடியிலேயே அந்தத் துளைகள் வழியாகச் சத்தம் பக்கவாட்டில் பாய, அடுத்த இடத்தில் சுடுவதற்காகப் படுத்திருந்த காதர் பாய் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டார். அவர் பனியன் கம்பெனி ஃபிட்டர்; மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர்.

"தோள்ல உதையே தெரியலீங்க," என்றார் முதலாளி, மகிழ்ச்சியாக.

"பாய், கேக்குதுங்களா?" என்றேன்.

என் வாயையே பார்த்தார். "சத்தமாச் சொல்லுங்க சார். உள்ளுக்குள்ள மணி அடிக்குதுங்க."

அந்தக் காதுக்குக் கேட்கும் திறன் திரும்பவே இல்லை. கம்பெனியில் அவரைப் பண்டல் கட்ட அனுப்பிவிட்டார்கள். நான் விதி எதையும் மீறவில்லை என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது.

இப்போது அத்தகைய துப்பாக்கிக்குச் சுடும் வரிசையின் கடைசி இடம்தான். அதன் பக்கத்து இரண்டு இடங்கள் காலி. ஒவ்வொருவர் காதிலும் பஞ்சு இருக்கிறதா என்று நடந்து பார்த்த பிறகே உத்தரவிடுகிறேன். எந்த விதியிலும் இது இல்லை.