மிளகாய்க் காட்டுச் சிப்பி

பங்குனி மாதச் சனிக்கிழமைகளில் கமுதி நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு நடக்கும். ஒருமுறை, ஆளுக்கொரு பெயர் தெரியாத பொருளைக் கொண்டுவந்து புத்தகங்களில் தேடச் சொன்னார் நூலகர் அக்கா. ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான், எங்கள் மிளகாய்க் காட்டில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்துப்போனேன். படப்புத்தகம் ஒன்றில் அதேபோல் இருந்தது; கடலில் வாழ்வது என்று போட்டிருந்தது.

"கடல் அம்புட்டுத் தூரத்துல இருக்கு. இங்கன எப்படிக்கா வந்துச்சு?"

"எனக்கும் தெரியலையேம்மா. உங்க அய்யாகிட்டக் கேட்டுட்டு வா."

வீட்டில் அய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உழுறப்ப நெறையாத் தட்டுப்படும் ஆத்தா. ஒருநாளும் நான் யோசிச்சதில்ல."

அடுத்த சனிக்கிழமை அவரும் வந்தார். துண்டை அவிழ்த்து மேசைமேல் சிப்பிகளைக் கொட்டிவிட்டு அக்காவிடம் சொன்னார்: "அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் காட்டுங்கம்மா, நானும் பாக்குறேன்."